தளபதிகள் மட்டும் உள்ள படை

ஜெயிக்க வேண்டும் என்று நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பரீட்சை, பதவி உயர்வு, டில்லியில் ஒரு அரசாங்கக் குடியிருப்பு என்று எல்லாவற்றுக்கும் முட்டி மோதியிருக்கிறேன். ஆனால் தோற்பதற்காக ஒரு மனுஷன் இவ்வளவு அல்லாட வேண்டியிருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அதுவும் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கட்டைவிரல் உயரப் பொம்மைகளை வைத்துக்கொண்டு!

பக்கவாதம் வந்து என் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோன குளிர்காலம் அது. கால் எப்படியோ தப்பித்து, இழுத்து இழுத்து நடந்தது. பேச்சு போனது என்றால் ஊமையாகிவிட்டேன் என்று அர்த்தமில்லை. அதுவாவது கௌரவமாக இருந்திருக்கும். உள்ளே வாக்கியம் முழுசாக நிற்கும். வாயைத் திறந்தால் வேறு ஏதோ விழும். தண்ணீர் கேட்க நினைப்பேன், 'சாவி' என்று வரும். என் மனைவி ஓடிப்போய் வாசல் சாவியைக் கொண்டுவருவாள். இல்லை என்று தலையாட்டினால் பீரோ சாவி வரும். அதற்கும் தலையாட்டினால், பாவம், ஸ்கூட்டர் சாவியைத் தேடி வீடு முழுக்க அலைவாள். மந்திரி பார்க்கிற கோப்புகளுக்குக் குறிப்பு எழுதியே தலை நரைத்தவன் நான். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்கு வழியில்லை.

இதைவிடக் கொடுமை, பார்க்க வருகிறவர்கள். கிட்வாய் நகர் அடுக்குமாடியில் லிஃப்டில் எதிர்ப்படுகிற ஆள் முதற்கொண்டு எல்லோரும் என்னிடம் கத்திப் பேசினார்கள். "அங்கிள்ஜி! கைஸே ஹைன் ஆப்!" எப்படி இருக்கிறேன் என்று கேட்க இவ்வளவு கத்தலா, என் காதுக்கு என்ன வந்தது? காது நன்றாகத்தான் இருந்தது. என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, என் தலைக்கு மேலாக மனைவியிடம் விசாரிப்பார்கள். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, ஆளை அடையாளம் தெரிகிறதா? அடையாளம் தெரிகிறதா என்று கேட்ட மனுஷன் என் செக்‌ஷனில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். அவன் விடுப்பு விண்ணப்பங்களில் எத்தனை பொய் இருக்கும் என்பது வரை எனக்கு ஞாபகம் இருந்தது. சொல்லத்தான் வாயில்லை.

அப்படியே சில வாரங்கள் போன பிறகு எனக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. உள்ளே ஆள் இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டால், இருக்கிறேன் என்று நான் எப்படி நிரூபிப்பது? கையெழுத்துப் போடக் கை இல்லை. சொல்ல வாய் இல்லை. அழுதால் நோயின் அழுகை என்றார்கள். சிரித்தால் நோயின் சிரிப்பு என்றார்கள். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னை ஆளாக மதித்து எதிரே நின்றால் போதும் என்று இருந்தது எனக்கு.

இனி அந்தப் பொம்மைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு போர் விளையாட்டு. மேசைமேல் பச்சைத் துணி விரித்து, தெர்மாக்கோல் மலை, அட்டைப்பெட்டி வீடு எல்லாம் வைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு படையை நிறுத்தி மோதுவார்கள். யார் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை இன்ச் டேப் சொல்லும். அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மேசையில் அங்கங்கே குறித்த இடங்கள் இருக்கும், கடைசியில் அதிக இடங்களில் எவன் ஆட்கள் நிற்கிறார்களோ அவன் ஜெயித்தான். ஆபீசில் இதைக் கேள்விப்பட்டவர்கள், "சாருக்கு இன்னும் பொம்மை வயசு போகலை" என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் சண்டை மேசையில் தொடங்குவதில்லை. படையைக் கட்டுவதில் தொடங்குகிறது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு புள்ளிகள் ஒதுக்கப்படும். ஒவ்வொரு பொம்மைக்கும் அதன் பலத்துக்கு ஏற்ற புள்ளி. அதற்குள் அடங்குகிற மாதிரி ஆட்களைப் பொறுக்க வேண்டும். என் படை குகைவாசிகள். இந்த விளையாட்டிலேயே கேவலமான ஜாதி என்று பலர் முகம் சுளிப்பார்கள். குட்டையானவர்கள், பலமில்லாதவர்கள், போதாக்குறைக்குப் பயந்தாங்கொள்ளிகள். பக்கத்தில் ஒரு தலைவன் இல்லாவிட்டால், இரண்டு பேர் விழுந்ததுமே மீதிப் பேர் பிய்த்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஆனால் மலிவு! மற்றவன் ஒரு வீரனை நிறுத்துகிற புள்ளிக்கு நான் ஒரு கூட்டத்தையே நிறுத்துவேன்.

புதிதாகக் குகைவாசிகளை எடுக்கிறவன் செய்கிற முதல் தப்பு, பயந்து போய்ப் பெரிய ஆளாகப் பார்த்து வாங்குவது. கரடிமேல் ஏறிய தளபதி ஒருத்தன் உண்டு, பார்க்க ஜம்மென்று இருப்பான். பாதிப் புள்ளியை அவனே விழுங்கிவிடுவான். அவன் எத்தனை பேரை வெட்டினால் என்ன, ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தானே நிற்க முடியும்? அதனால் நான் காலாட்களை அள்ளிப் போடுவேன். அவர்களுக்குப் பின்னால் முரசு அடிக்கிறவர்கள், ஏனென்றால் முரசுச் சத்தம் எட்டுகிற தூரம் வரை கூட்டம் ஓடாது. கடைசியில் கல்லெறி எந்திரம். தளபதி ஒரே ஒருத்தன், அதுவும் நடுவில், பத்திரமாக. இதெல்லாம் போக, ஓரமாக ஒரு சின்னக் கூட்டத்தை எதிரியின் மூக்கருகே அனுப்பி வைப்பேன். சாகத்தான். அதை மிதிக்க எதிரி வரிசையை விட்டு வெளியே வந்தானோ, கல்லெறி எந்திரம் அவன் தலையில் இறங்கும். சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுதிய எந்தக் குறிப்பும் அந்தப் படை அளவுக்குக் கச்சிதமாக இருந்ததில்லை.

இதை என்னோடு வருஷக்கணக்காக ஆடி வந்தவர் ஒரு நண்பர். அவருக்கும் என்னைப் போல நெல்லைப் பக்கம்தான். லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்துவிடுவார். இரும்புக் குதிரைவீரர்கள் அவர் படை. எண்ணிக்கை குறைவு, ஆனால் வந்து மோதினால் எலும்பு மிஞ்சாது. என்னை அதிகம் தோற்கடித்தவர் அவர்தான். ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு நகர்த்தலைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, "இரக்கம் வேணும்னா கோயிலுக்குப் போவும்வே, இங்கன எதுக்கு வந்தீரு?" என்றார். எங்களைப் பார்த்து இரண்டு இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். நொய்டாவில் கம்ப்யூட்டர் வேலை. ஒருவன் டில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பையன், மற்றவன் அவனுடைய பஞ்சாபி சிநேகிதன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்சநாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை என் மனைவிதான் மறுபடி ஆரம்பித்து வைத்தாள். பிசியோதெரபி செய்ய வருகிற பெண் அவளிடம், "அங்கிள்ஜி கா மூட் அச்சா ரக்னா, பஸ்" என்று சொல்லியிருந்தாள். மூடை நன்றாக வைக்க என் மனைவி கச்சை கட்டிக்கொண்டாள். இரண்டு பையன்களும் வந்தார்கள். நண்பர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க நினைத்து நான் எதையோ உளற, மனைவி என் வாயைத் துடைத்துவிட்டுப் போனாள்.

முதல் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். பெட்டியிலிருந்த பொம்மைகளை இடதுகையால் சுட்டிக் காட்டினேன், தமிழ்ப் பையன் எடுத்து நிறுத்தினான், பகடையை நானே உருட்டினேன். எதிர்ப்படையை இரண்டு பேரும் சேர்ந்து ஆடினார்கள். ஜெயித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன். பையன் எழுந்து நின்று கைதட்டினான். "க்யா பாத் ஹை அங்கிள்! சும்மா கிழிச்சுட்டீங்க!" மனைவி உடனே பெங்களூரில் இருக்கிற எங்கள் மகளுக்குப் போன் போட்டாள். "அப்பா செயிச்சுட்டாவ பாத்துக்கோ! மூளை அப்படியே இருக்கு!" அன்றைக்கு எனக்கு ரவாகேசரி கிடைத்தது.

அடுத்த வாரமும் ஜெயித்தேன். அதற்கடுத்த வாரம், பஞ்சாபிப் பையன் பகடையை உருட்டினான், ஆறு விழுந்தது. ஆறு என்றால் என் தளபதி காலி. அவன் சட்டென்று பகடையை அள்ளிக்கொண்டு, "மிஸ் ஹோ கயா யார்" என்று, அடி தப்பிவிட்டதாக உதட்டைப் பிதுக்கினான். நான் பார்த்துவிட்டேன். அவன் தமிழ்ப் பையனைப் பார்த்ததையும், இவன் குனிந்துகொண்டதையும் பார்த்துவிட்டேன். எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது. முந்தைய ஆட்டங்களை மனதில் ஓட்டிப் பார்த்தேன். தாக்க வேண்டிய இடத்தில் அவர்கள் தயங்கினது, காரணமே இல்லாமல் பின்வாங்கினது, எல்லாம் வரிசையாக வந்தது. அடப் பாவிகளா! நான் ஜெயிக்கவே இல்லை. எனக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி வெற்றியை ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேசையைத் தட்டினேன். 'ஏமாற்றாதே' என்று சொல்லப் பார்த்தேன், 'வெங்காயம்' என்று வந்தது. இரண்டு பேரும் அன்பாகச் சிரித்தார்கள். இன்னும் பலமாகத் தட்டினேன். "அங்கிள் செம குஷில இருக்காரு ஆன்ட்டி!" என்று பையன் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தான். அவள் ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக நின்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த முகத்தில் எத்தனையோ வாரத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு அது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தரம் தட்டக் கை வரவில்லை.

மறுநாள் காலை பால்கனி வெயிலில் என்னை உட்கார வைத்தார்கள். வெயில் என்று பேருக்குத்தான், புகைமூட்டத்தில் எதிர் டவரே தெரியவில்லை. அங்கே உட்கார்ந்து யோசித்தேன். பேச்சு என்னிடம் இல்லை. ஆனால் படையைப் பொறுக்குகிற வேலை இன்னும் என்னிடம்தானே இருக்கிறது? இடதுகை விரல் எதைக் காட்டுகிறதோ அதைத்தானே அவர்கள் எடுத்து வைக்கிறார்கள்? அப்படியானால் தோற்கிற படையாகக் கட்டுவேன். ஜெயிக்கவே முடியாத படையை நிறுத்தி, அதிலும் என்னை ஜெயிக்க வைத்தால், அதற்கு மேல் அவர்களால் நடிக்க முடியாது, வெட்கப்பட்டாவது நிறுத்துவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் முரசுக்காரர்களை விட்டுவிட்டேன். முரசில்லாத குகைவாசிகள் முதல் அடியிலேயே ஓட வேண்டியவர்கள். அவர்கள்மேல் ஓர் அடியும் விழாமல் இரண்டு பையன்களும் பார்த்துக்கொண்டார்கள். ஜெயித்தேன். அடுத்த வாரம் கல்லெறி எந்திரத்தைக் கொண்டுபோய் முன்வரிசையில், எதிரியின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கச் சொன்னேன். அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். மறுபடியும் ஜெயித்தேன், மறுபடியும் பெங்களூருக்குப் போன் போனது. கடவுளே, தோற்க விடமாட்டேன் என்கிறார்களே!

அதற்கடுத்த ஞாயிறு நான் துணிந்துவிட்டேன். கரடிமேல் ஏறிய தளபதியைக் காட்டினேன். அவனைப் போலவே இன்னொருத்தனைக் காட்டினேன். மலைத்தலைவன், கிழத்தலைவன், பூசாரித்தலைவன், அவர்களுக்குக் கொடி பிடிக்கிறவர்கள், ஊது கொம்புக்காரன் என்று பெட்டியில் இருந்த பெரிய மனுஷர்களையெல்லாம் வெளியே எடுத்தேன். விதிப்படி காலாட்கள் ஒரு கூட்டமாவது இருந்தே ஆக வேண்டும். அதில் ஆகக் குறைந்தபட்சம் எத்தனை பேரோ அத்தனை பேரை மட்டும் எடுத்து, மேசையின் ஒரு மூலையில் ஒதுக்கினேன். பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. அத்தனை பேரும் ஆபீசர்கள், கோப்பைத் தூக்கிக்கொண்டு போக ஒரு பியூன் இல்லை! பையன் என் முகத்தைப் பார்த்தான். "பக்கா, அங்கிள்?" நான் பலமாகத் தலையாட்டினேன். புரிந்துகொள்ளடா, மக்குப் பயலே, என்று கண்ணாலேயே கத்தினேன்.

அந்தப் படையிடம் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது அந்தப் பையன்களிடம் இருந்தது. வில்லாளிகளை மலைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்தார்கள். குறித்த இடத்தில் நின்றிருந்த ஆட்களை, எதற்கென்றே தெரியாமல், நகர்த்தினார்கள். என் கொடிக்காரன் ஒருத்தன் போய் அங்கே நின்று வெற்றிக்கொடி நாட்டினான். பஞ்சாபிப் பையன் நெற்றியில் அடித்துக்கொண்டு நடித்த நடிப்பை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. மனைவி ஓடிவந்து, என்னையும் என் படையையும் சேர்த்துப் போட்டோ எடுத்தாள். எல்லோருக்கும் அனுப்பினாள். அந்தப் படத்தில் நான் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதாக எல்லோரும் பதில் போட்டார்களாம். நான் கொலைவெறியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் போனமாதிரி எனக்கு எந்த வாரமும் போனதில்லை. கையில் இருந்த கடைசி வழியும் அடைபட்டுவிட்டது. பிசியோதெரபிப் பெண் கையைத் தூக்கச் சொன்னால் தூக்கவில்லை. சோற்றைத் தள்ளினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, இனிமேல் இப்படித்தான், பாராட்டிக்கொண்டே என்னைப் பொம்மையாக வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். செத்திருந்தால் தேவலை என்றும் நினைத்தேன், நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். மனைவி என் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "செயிச்ச அசதி போல" என்று போனில் யாரிடமோ சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தது. பையன்கள் என்று நினைத்தேன். நண்பர் நின்றிருந்தார். குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக, சைக்கிள் ஓட்டின மூச்சு வாங்கலோடு, கையில் அவருடைய படைப்பெட்டி. என் மனைவி முகம் ஏனோ மாறியது. "வாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அவர் நேரே வந்து என் எதிரே உட்கார்ந்து, போனை எடுத்து, அந்தப் போட்டோவை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்னவே இது? படையா, செக்ரடேரியட்டா?"

கத்தவில்லை. சாதாரணக் குரலில், எப்போதும் என்னைத் திட்டுகிற குரலில் கேட்டார்.

"உமக்குக் கிறுக்குப் பிடிச்சாலும் இப்படி ஒரு படையை நீரு வைக்கமாட்டீரு. தெரிஞ்சுதான் வச்சீரா?"

தலையாட்டினேன்.

"அந்தப் பயலுவ விட்டுக்குடுக்கானுவன்னு தெரியுமா?"

தலையாட்டினேன், ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் குல்லாயைக் கழற்றினார், மஃப்ளரைக் கழற்றினார், பெட்டியைத் திறந்தார். "சரி, எடும்வே. நெசப் படையை எடும்" என்றார்.

எடுத்தேன். பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன். காலாட்கள், முரசு, எந்திரம், நடுவில் ஒரே தளபதி, ஓரத்தில் சாகப்போகிற சின்னக் கூட்டம். அவர் குதிரைகளை நிறுத்தினார். ஆட்டம் தொடங்கியது. கொஞ்சம் கழித்துப் பையன்கள் வந்து, ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சின்னக் கூட்டத்தை அவர் குதிரைகள் மிதிக்க வந்தன. வரிசை கலைந்தது. எந்திரத்தைக் காட்டிப் பகடையை உருட்டினேன். இரண்டு குதிரைகள் காலி! "அடப் பாவி மனுசா!" என்று அவர் அலறினார். அந்த அலறலில் நடிப்பே இல்லை. அதைக் கேட்பதற்காகத்தான் இத்தனை வாரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

அதற்குப் பிறகுதான் அவர் என்னைக் கொன்றார். என் வலதுபக்கமாக அவருடைய மீதிக் குதிரைகள் நடந்து வந்துகொண்டே இருந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும், எல்லோர் கண்ணெதிரிலும், மேசைமேல்தான். நான் பார்க்கவே இல்லை. அவை என் முரசுக்காரர்களை மிதித்தபோதுதான், எங்கிருந்து வந்தன என்று திடுக்கிட்டேன். முரசு போனதும் கூட்டம் ஓடியது. தளபதி தனியாக நின்றான். அவனையும் விடவில்லை. ஆறு விழுந்தது, ஆறு என்றே சொன்னார். மேசையில் எனக்கு ஓர் ஆள் மிச்சமில்லை.

"வலதுபக்கம் உம்ம தலை திரும்பவே இல்லவே" என்றார். "கண்ணு அந்தப் பக்கம் போகலை. டாக்டர்ட்ட சொன்னாவளா இதை?"

யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. அத்தனை வெற்றிகளுக்கு நடுவில் அது எப்படித் தெரியும்? என் உலகத்தில் ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது என்று கேட்க எனக்குத் திகிலாக இருந்தது. அதே நேரத்தில் சிரிப்பும் வந்தது. தோற்றுவிட்டேன்! ஒழுங்காக, முறையாக, ஓர் ஆளிடம் ஓர் ஆளாகத் தோற்றுவிட்டேன்! சிரிக்கப் போனேன், வாய் கோணி, பெரிய அழுகையாக வெளியே வந்தது. நிறுத்த முடியவில்லை.

காப்பித் தட்டோடு வந்த என் மனைவி பார்த்தது அதைத்தான். தட்டை டிவி மேசைமேல் டமாரென்று வைத்தாள்.

"என்ன செஞ்சிய அண்ணாச்சி? அழவச்சிட்டியளே! சீக்காளி மனுசன்ட்ட செயிச்சு என்ன கோட்டையா கட்டப் போறிய? சிரிச்சுட்டு இருந்தாவளே, பொறுக்கலையா உங்களுக்கு? போங்க. இனிமே வராதிய!"

அவர் என்னைப் பார்த்தார். சொல்லுமே, என்பது மாதிரிப் பார்த்தார். நான் எழுந்திருக்கப் பார்த்து நாற்காலியிலேயே சரிந்தேன். வாய் திறந்து திறந்து மூடியது. வந்ததெல்லாம் காற்று. அவர் மஃப்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. பையன்களும் நழுவிவிட்டார்கள். இருந்த ஒரே ஆளும் போய்விட்டார், போகச் சொன்னது என்மேல் உயிரையே வைத்திருக்கிறவள். நான் யாரிடம் போய் முறையிடுவது?

அவர் போன வேகத்தில் படையை எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தக் குதிரைகளை வாரி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட ஆரம்பித்தாள். அவள் மணிக்கட்டை இடதுகையால் பிடித்தேன். உதறினாள், விடவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு குதிரையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அடுத்ததை எடுத்து வைத்தேன். என் ஆட்களை எதிரே நிறுத்தினேன். நடந்த சண்டையை மறுபடி அவளுக்கு நடத்திக் காட்டினேன். என் சின்னக் கூட்டம் சாவதை, இரண்டு குதிரைகள் விழுவதைக் காட்டினேன். பிறகு அவர் குதிரைகளை வலதுபக்கமாக மெதுவாக நகர்த்தி, என் கண்ணைத் தொட்டு, இல்லை என்று கையை விரித்தேன். கடைசியில் என் தளபதியைச் சாய்த்துப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். சிரித்தேன். இந்தத் தடவை சிரிப்பு கோணலாக வந்தாலும் சிரிப்பாகவே வந்தது.

அவள் என்னையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். பை கையிலேயே இருந்தது.

"தோத்ததுக்கா அழுதிய?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அண்ணாச்சி நெசமா ஆடுனதுக்கா?"

ஆமாம் என்றேன். வாயால்தான் சொன்னேன் என்று அவள் இன்றைக்கும் சாதிக்கிறாள், எனக்கு நினைவில்லை.

அவள் நண்பருடைய நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நாந்தான்ங்க சொன்னேன்" என்றாள், துணிக்குள்ளிருந்து. "அந்தப் பயலுவ கையப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன், இவுகள செயிக்க விடுங்கன்னு. அண்ணாச்சிட்டயும் கேட்டேன். அவுக முடியவே முடியாதுன்னுட்டாவ. அதான் வராம இருந்தாவ." கொஞ்சநேரம் தோள் குலுங்கியது. பிறகு முந்தானையை எடுத்தாள். "நானே சொல்லிட்டு, பொறவு நானே நம்பிட்டேங்க. ஒவ்வொரு வாரமும் நீங்க நெசமாவே செயிக்கியன்னு நம்பிட்டேன்."

அவளிடம் கோபப்பட வேண்டும் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து எண்ணைத் தேடினாள். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தார் போலிருக்கிறது, அவள் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, எங்கன இருக்கிய? ரோட்டுலயா? சைக்கிளத் திருப்புங்க. இல்ல, சொல்லுதத கேளுங்க... காப்பி ஆறலை, அப்படியே இருக்கு. வாங்க. வந்து இவுகள இன்னொரு மட்டம் தோக்கடிங்க."